பாய் விரித்தால் பாட்டு வரும்

அருணாசலப் பிரதேசத்தில் ஜீரோ என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அபதானி மக்களின் நெல் வயல்கள் சூழ்ந்த இடம். 2012 முதல் அங்கே ஓர் இசை விழா நடந்து வருகிறது. வெட்டவெளியில் மேடை போட்டுப் பாடுவார்கள். வருகிறவர்கள் கூடாரம் அடித்துத் தங்கி, இரவும் பகலுமாகக் கேட்பார்கள். என் மகள் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அந்த விழாவின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். "நாமளும் ஒரு தடவை குடும்பமா கூடாரம் போட்டுப் பாட்டுக் கேக்கணும்ப்பா" என்பாள். அவளுக்குப் பதில் சொன்னது என் அம்மா. "ராத்திரி பூரா பாட்டுக் கேக்கணும்னா அவ்ளோ தூரம் எதுக்கு? கார்த்திகை தீபத்துக்கு அடி அண்ணாமலைக்குப் போவோம். உங்க அத்தை வீட்டு மாடியில கூடாரம் போட்டுக்க."

அத்தை என்று அம்மா சொன்னது என் பெரியம்மா மகளை. கல்யாணம் ஆகி அடி அண்ணாமலைக்குப் போனவர். கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. அன்றிரவே அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் சொன்ன முதல் வார்த்தை இது: "தம்பி, கூத்துப் பாக்கப் போற மாதிரி கிளம்பி வா. மத்ததெல்லாம் இங்க பாத்துக்கலாம்."

திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த ஒரு வரியே போதும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில், பொழுது சாயும்போதே குடும்பம் குடும்பமாக வந்து பாய் விரித்து இடம் பிடிப்பார்கள். ஆர்மோனியமும் முகவீணையும் சேர்ந்தால் விடியும் வரை ஆட்டம்தான். பிள்ளைகள் பாயிலேயே தூங்கிப்போகும். சண்டைக் கட்டம் வந்ததும் எழுப்பிவிடுவார்கள். காவிரிக் கரையில் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனைக்கும் அப்படித்தான், பந்தலிலேயே காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. பாட்டுக்காக வீட்டைவிட்டு வந்து தரையில் படுக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரியில் 1970இல் ஒரு பவுன் கட்டணத்துக்குப் பாட்டும், பண்ணையிலிருந்து இலவசப் பாலும் தந்து இசை விழாவைத் தொடங்குவதற்குப் பல தலைமுறை முன்பே நம் ஊர்களில் பாய் விரித்துவிட்டார்கள்.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலை நகரம் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. அண்ணாமலையார் கோயில், அதன் 217 அடி ராஜகோபுரம், தேரடி வீதி, கடைத்தெரு எல்லாம் அந்தப் பக்கம். அடி அண்ணாமலை மலைக்கு மேற்கே, நேர் மறுபுறம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஏறக்குறைய பாதியைக் கடந்த இடம். பிரம்மன் வழிபட்டது என்று தலபுராணம் சொல்லும் ஆதி அருணாசலேசுவரர் கோயில் இங்கேதான். நகரத்துப் பெரிய கோயிலுக்குள் கால் வைக்க முடியாத நாளில்கூட, இந்தக் கோயில் மண்டபத்தில் ஒரு தூணில் சாய்ந்து சற்று நேரம் உட்கார்ந்துவிடலாம். அங்கிருந்து பார்த்தால் மலை கிழக்கே நிற்கிறது. நகரத்திலிருந்து தெரியும் வடிவமே வேறு, இங்கிருந்து தெரிவது வேறு.

ஊரில் மாணிக்கவாசகருக்குத் தனியாகச் சிறிய கோயில் ஒன்று உண்டு. திருவெம்பாவையை அவர் திருவண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. மார்கழி விடியலில் தமிழ்நாடெங்கும் ஒலிக்கும் அந்த 20 பாடல்கள் கடல் கடந்து சயாம் வரை போயின. பாங்காக் அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவாய் விழாவில் அந்தப் பாடல்கள் கிரந்த எழுத்தின் வழியே தங்கிப் புரோகித மந்திரமாக ஓதப்பட்டு வந்திருக்கின்றன. அந்த விழாவோடு சேர்ந்த பெரிய ஊஞ்சல் சடங்கு மட்டும் 1935இல் நின்றுபோனது. இதைச் சொன்னதும், அதுவரை கூடாரத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த மகள் தன் நோட்டை எடுத்துவந்து உட்கார்ந்தாள்.

இந்தப் பயணத்துக்கான ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அங்கேதான் தொடங்கியது. வெளியூர் கிளம்பும் குடும்பங்கள் பைக்குத்தான் ஏற்பாடு செய்கின்றன. காதுக்கு யாரும் செய்வதில்லை. பாட்டு முன்பே கொஞ்சம் பழகியிருந்தால் கூட்டத்து நடுவே அது காற்றில் வரும்போது அடையாளம் தெரியும். ஆகவே போவதற்கு முன்பு ஒவ்வோர் இரவும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டோம். முதலில் சம்பந்தரின் அண்ணாமலைப் பதிகம். பண் நட்டபாடை, இன்றைக்கு ஓதுவார்கள் அதைக் கம்பீர நாட்டையில் பாடுகிறார்கள். அடுத்து முத்துசாமி தீட்சிதரின் ‘அருணாசலநாதம்’. பஞ்சபூதத் தலங்களைப் பற்றி அவர் செய்த கிருதிகளில் அக்கினித் தலத்துக்கு உரியது, சாரங்கா ராகம். பிறகு அருணகிரிநாதர். திருவண்ணாமலைக்காரர்; அவருடைய திருப்புகழ்ச் சந்தங்களைத் தொடையில் தட்டிப் பார்த்தால்தான் அந்தக் கணக்கின் அழகு விளங்கும். மகளின் தம்பி, எங்கள் சின்னவன், அதில் விழுந்துவிட்டான். பள்ளிக்கூட வேனில் ஏறும்போதுகூடத் தட்டிக்கொண்டே ஏறினான்.

கடைசியாக ரமணரின் அட்சரமணமாலை. 108 கண்ணிகள். அவரோடு விரூபாட்ச குகையில் இருந்த அடியார்கள் ஊருக்குள் பிட்சைக்குப் போகும்போது பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள்; அதற்காகப் பிறந்தது. நடக்கிற காலுக்கென்றே செய்த பாட்டு அது. கிரிவலப் பாதையில் அதைக் கேட்கும்போது பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடமும் கண்ணி முடியும் இடமும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள்.

பைக்குரிய வேலைகளை அம்மாவும் என் மனைவியும் எடுத்துக்கொண்டார்கள். கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை வரும் என்று வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். அகலமான தார்ப்பாய் ஒன்று, அதைக் கட்ட நைலான் கயிறு, விரிக்கக் கோரைப்பாய், மேலே போட ஜமுக்காளம், பின்னிரவுப் பனிக்குக் குல்லாவும் கம்பளியும். அம்மாவின் மாத்திரைகள் இரண்டு இடத்தில்: ஒரு பங்கு அவர் கைப்பையில், ஒரு பங்கு என்னிடம். ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு, தம்ளர், தண்ணீர் பாட்டில். பாதையில் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும், மலையடிவாரக் காட்டில் மான்கள் மேய்கின்றன என்பது ஒன்றே தட்டு கொண்டுபோகப் போதுமான காரணம். புளியோதரை, வறுத்த வேர்க்கடலை, கார்த்திகைக்கே உரிய பொரி உருண்டை. சின்னவனுக்கு ஓமத் தண்ணீர். அவன் முன்கையில் அழியாத பேனாவால் எங்கள் இருவர் எண்ணும் அக்காவின் எண்ணும். யார் பிரிந்தாலும் தேடி அலைய வேண்டாம், மாணிக்கவாசகர் கோயில் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்தோம். போன் வேலை செய்யாத அளவுக்குக் கூட்டம் சேரும் இரவு அது. நிற்கும் இடத்தை முன்பே பேசாத குடும்பம் அங்கே படும் பாட்டை அக்கா ஆண்டுதோறும் வாசலில் பார்க்கிறார்.

காலுக்கும் பழக்கம் வேண்டும். கிரிவலம் வெறுங்காலோடு. செருப்பில்லாமல் நடந்தே பழகாத பட்டணத்துப் பாதங்கள் நாலு கிலோமீட்டரில் எரியத் தொடங்கிவிடும். மாலை வேளைகளில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடந்தோம். இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டோம்.

"அன்னிக்கே வராதீங்க, முந்தின நாளே வந்துடுங்க. அன்னிக்கு வந்தா பஸ்ஸு ஊருக்கு வெளியவே நின்னுடும், சித்தியால அவ்ளோ தூரம் நடக்க முடியாது" என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது உண்மை. செங்கம், காஞ்சி, வேலூர், அவலூர்பேட்டை, திண்டிவனம், வேட்டவலம், திருக்கோவிலூர், மணலூர்பேட்டை, தண்டராம்பட்டு என்று எந்தச் சாலையில் வந்தாலும் நகரத்துக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையம்தான். முந்தின நாள் மதியமே போய்ச் சேர்ந்தோம். மாடியில் கூடாரம் எழுந்தது. காற்று பலமாக இருந்ததால் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டி, மேலே தார்ப்பாயை இழுத்து மூடினோம்.

தீபத்தன்று அதிகாலை 4 மணிக்குப் பெரிய கோயிலில் பரணி தீபம் ஏற்றுகிறார்கள். மாலை 6 மணிக்குக் கொடிமரத்தின் எதிரே அர்த்தநாரீசுவரர் சிறிது நேரம் மட்டும் வெளியே வந்து காட்சி தருவார். அதே நேரத்தில் 2,668 அடி உயரத்தில் மகா தீபம். செப்புக் கொப்பரையில் 3,500 முதல் 4,500 கிலோ வரை நெய், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத்துணித் திரி. ஏற்றும் உரிமை பருவதராஜ குலத்தாருடையது. 11 நாள் எரியும். இவையெல்லாம் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் வருபவை. அடி அண்ணாமலையில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்பதுதான் வருவதில்லை.

ஐந்தரை மணிக்கே ஒவ்வொரு வாசலிலும் அகல்கள் வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டுவிட்டார்கள். ஆனால் ஒருவரும் பற்றவைக்கவில்லை. மலையில் தெரிந்த பின்புதான் வீட்டில் ஏற்ற வேண்டும். பெண்கள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உச்சியையே பார்த்தபடி நின்றார்கள். உச்சியை மேகம் மூடுவதும் விடுவதுமாக இருந்தது. முதலில் எங்கள் காதுக்கு எட்டியது குரல். வடக்கே தூரத்தில் எழுந்த "அண்ணாமலையாருக்கு அரோகரா" பாதையோடு உருண்டு எங்களைத் தாண்டித் தெற்கே போனது. அதற்குள் மேகம் விலகி நெருப்பு தெரிந்தது. அம்மா பேசவில்லை. குனிந்து அகலை ஏற்றினார். தெரு முழுக்க ஒரே சமயத்தில் வெளிச்சம் ஆனது.

பாட்டு வரத் தொடங்கியது அதன் பின்புதான். நகரத்தில் தீபம் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கியவர்கள் பாதி வட்டம் சுற்றி இங்கே வந்து சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது. பாதையோரம் இடம் விட்டு, யார் காலும் இடறாதபடி பாயை விரித்து உட்கார்ந்தோம். கச்சேரிக்கு நாம் பாடகரைத் தேடிப் போகிறோம். இங்கே நாம் உட்கார்ந்திருக்க, பாடுகிறவர்கள் நடந்து வருகிறார்கள்; ஒரு குழுவின் தாளம் தேய்ந்து மறையும் முன் அடுத்த குழுவின் தாளம் சேர்ந்துகொள்கிறது. எந்த மேடையும் தர முடியாத அனுபவம் இது என்று உறுதியாகச் சொல்வேன்.

கொங்குப் பக்கத்துச் சிவனடியார் குழு ஒன்று கயிலாய வாத்தியத்தோடு வந்தது. முன்னால் கொம்பும் எக்காளமும், நடுவே உடல் என்னும் கொட்டும் பெரிய தாளங்களும், பின்னால் சங்கு. கொம்பு ஊதிய பையனுக்குப் பதினைந்து வயதுதான் இருக்கும். ஊதி முடித்ததும் கொம்பைத் தோளில் சாய்த்து, மூச்சு வாங்க எங்கள் பாயின் ஓரத்தில் நின்றான். அம்மா தம்ளரில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, "பாட்டி, காதை மூடிக்கோங்க" என்று சொல்லி மறுபடி எடுத்தான். சின்னவனின் நெஞ்செலும்பில் அந்தச் சத்தம் அதிர்ந்ததை அவன் முதுகில் வைத்திருந்த என் கையில் உணர்ந்தேன்.

அடுத்து ஆந்திரத்திலிருந்து வந்த பெண்கள், ஒரே நிறப் புடவையில், தெலுங்கில் சிவநாமம் சொல்லிக் கைதட்டிக்கொண்டே. பிறகு கையில் சின்னத் தாளத்தோடு தனியே நடந்த ஒரு வயதான அம்மாள். அவர் பாடியது திருப்புகழ். வேகம் குறைத்து, ஓர் அடி எடுத்து வைக்க ஒரு சீர் என்ற கணக்கில் பாடினார். சின்னவன் உடனே தொடையில் தட்டத் தொடங்கினான். அவர் நின்று, அவன் தட்டும் வேகத்துக்குத் தன் பாட்டை மாற்றி அந்தப் பாடலை முழுதாக முடித்துவிட்டே நகர்ந்தார். நள்ளிரவு தாண்டிக் காவியுடுத்த நாலைந்து பேர் அட்சரமணமாலையை மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டு போனார்கள்; மகள் எழுந்து கொஞ்ச தூரம் அவர்கள் பின்னால் நடந்துவிட்டு வந்தாள்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பந்தலில் ஆளுயர ஒலிபெருக்கிகளை வைத்துப் பதிவு செய்த பாடல்களை முழுச் சத்தத்தில் போட்டிருந்தார்கள். அந்த இடத்தை நெருங்கியதும் நடந்து வந்த ஒவ்வொரு குழுவும் வாயை மூடிக்கொண்டது. தாளத்தைக் கூடப் பையில் போட்டுக்கொண்டார்கள். பந்தலைக் கடந்து வெகுதூரம் போன பிறகும் பலர் மறுபடி பாடவில்லை. அன்னதானம் செய்கிறவர்களின் மனம் பெரிது. அவர்கள் கொடுத்த சூடான பொங்கலை நாங்களும் எங்கள் தட்டில் வாங்கிச் சாப்பிட்டோம். ஆனால் உயிருள்ள குரல்களை ஒரு பெட்டி அணைத்துப்போடுவதை அந்த இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது வேதனையாக இருந்தது.

பின்னிரவில் தூறல். பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிட்டு, அம்மாவும் நானும் அக்கா வீட்டுத் திண்ணைக்கு மாறினோம். அக்கா சுக்குக் காப்பி கொண்டுவந்தார். மலையேறுவது பற்றிப் பேச்சு வந்தது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடி, குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 13 தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. "மலை சாமி. சாமி மேல எதுக்கு ஏறணும்? சுத்தி வந்தா பத்தாதா?" என்றார் அக்கா. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

பெரும்பாலோர் மறுநாளே ஊர் திரும்பிவிடுகிறார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் அவசரப்படக் கூடாது. தீபத்துக்கு மறுநாள் முதல் நகரத்தில் அய்யங்குளத்தில் தெப்பம். இரண்டாம் நாள் அண்ணாமலையாரே கிரிவலம் வருகிறார். இத்தனை பேர் சுற்றிய மலையைச் சாமியும் சுற்றுகிறார். அன்று கூட்டம் தணிந்திருக்கும். ஊர்ப் பெண்கள் தெருவைக் கழுவிக் கோலமிடுகிறார்கள். வழியெங்கும் மண்டகப்படி.

அங்கேதான் நாகசுரத்தை அவ்வளவு அருகில் பார்த்தோம். சாமி நின்ற இடத்தில் மேளக்காரர்கள் சற்று ஓய்ந்தார்கள். தவில்காரர் வலக்கை விரல்களின் கூடுகளை ஒவ்வொன்றாக அழுத்திச் சரிபார்த்தார். நாகசுரக்காரர் வாத்தியத்திலிருந்து நூலில் தொங்கிய சீவாளிகளில் ஒன்றைத் தேர்ந்து, நாக்கில் வைத்து நனைத்து, வெளிச்சத்தில் தூக்கி அதன் வாயைப் பார்த்தார். திருப்தி இல்லை, வேறொன்றை எடுத்தார். அது நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த வாத்தியம் என்று மகள் கேட்டதற்குப் பொறுமையாகச் சொன்னார். தீபாராதனை முடிந்து சாமி மறுபடி புறப்பட்டபோது மல்லாரி எழுந்தது. இரண்டு வரி போயிருக்கும். "அப்பா, நட்டபாடை!" என்றாள் மகள். கம்பீர நாட்டைதான். வீட்டில் சாப்பாட்டுக்குப் பின் கேட்டுப் பழகிய சுரங்கள் அவை.

அடுத்த கார்த்திகைக்குக் குடும்பத்தோடு வர நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். 14 கிலோமீட்டரை எவ்வளவு சீக்கிரம் முடித்தோம் என்பதில் பெருமை வேண்டாம். பாதி வழியில், அடி அண்ணாமலைப் பக்கம், இரண்டு மணி நேரமாவது உட்காருங்கள். பாயும் தட்டும் தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டுவாருங்கள். கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப் போங்கள். கற்பூரத்தைக் காட்டோரத்தில் கொளுத்த வேண்டாம். பிள்ளைகளுக்கு இரண்டு பாட்டாவது முன்கூட்டியே கேட்கக் கொடுங்கள். பந்தல் போட்டு உபயம் செய்கிறவர்களே, சோறு போடுங்கள், தண்ணீர் கொடுங்கள். ஒலிபெருக்கியை மட்டும் அந்த ஓரிரவு நிறுத்தி வையுங்கள். உங்கள் பந்தலைப் பாடிக்கொண்டே கடந்து போகத்தான் அத்தனை பேர் அத்தனை தூரத்திலிருந்து வருகிறார்கள்.